வில் தளர்ந்த வண்டி

கோல்ஃப் விளையாட்டுக்கென்று ஆக்கப்பட்ட சிறு வண்டி இன்று மைதானத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலே, அட்லாண்டா நகருக்குத் தெற்கே, பீச்ட்ரீ சிற்றி என்றோர் ஊர் உண்டு. மோட்டார் வாகனங்கள் ஓடும் வீதிகளுக்குப் புறம்பாக, இச்சிறு வண்டிகளும் பாதசாரிகளும் செல்வதற்கென 160 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதைகள் அங்கே அமைந்துள்ளன. கடைக்குச் செல்வோரும் பாடசாலை மாணவரும் அவற்றிலேயே போய்வருகின்றனர். இவ்வகை வண்டிகளைச் செய்யும் பெயர்பெற்ற கம்பனிகளுள் ஒன்றாகிய ஈ-ஸீ-கோ, 1954ஆம் ஆண்டில் அதே மாநிலத்தின் ஒகஸ்டா நகரிலே தோன்றியதாகும்.

அவ்வூரில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் அன்பர் ஒருவர் எமக்குக் கடிதம் வரைந்துள்ளார். வீட்டு வண்டியின் பின்புறம் தாழ்ந்துவிட்டதாம். பேரப்பிள்ளைகள் பின்னிருக்கையில் ஏறியதும் ரயர் மேல்மூடியில் உரசுகின்றதாம். மருமகன் தாமே புதிய வில் வாங்கிப் பூட்ட எண்ணுகிறார்; பூட்டலாமா என்பது கேள்வி. உண்மையில் இஃது ஒரு கேள்வியன்று, இரண்டு. வில்லை மாற்றலாமா என்பது ஒன்று. மாற்றியபின் முன்போலவே பிள்ளைகளை ஏற்றலாமா என்பது மற்றொன்று. இரண்டாவதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

ஸ்பிரிங் என்று பலரும் வழங்கும் உறுப்புக்கு வில் என்னும் பெயர் நம்மவரிடையே பழகிய ஒன்றாகும். வில்வண்டி என்று நம் பாட்டன்மார் அழைத்தது அச்சின்மேல் உருக்குத் தகடுகள் வளைத்துப் பூட்டிய மாட்டுவண்டியை அன்றோ! 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே ஒபதயா எலியட் என்பார் குதிரைவண்டிக்கு வில்தகடு பூட்டும் முறையொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வில்லின் வழிவந்ததே இந்த மின்வண்டியின் பின்னச்சில் இருப்பதும். இரண்டு மூன்று தகடுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு, நடுவே ஓர் ஆணியாற் கோக்கப்பட்டு, 'யூ' வடிவக் கொளுவிகளால் அச்சோடு இறுக்கப்பட்டிருக்கும். இரு நுனிகளிலும் உள்ள கண்களுக்குள் இறப்பர் குழல்கள் உண்டு. பட்டறைக்காரர் அவற்றைப் புஷ் என்பர். வில் நிமிரும்போது நீளுமாதலால், ஒரு நுனி ஷக்கிள் எனப்படும் ஆடும் இணைப்பிலே தொங்கும்.

மூன்று தகட்டுக்குப் பதிலாக ஒரே தடித்த தகடு வைத்தால் என்ன என்று மாணவர் வினவக்கூடும். நல்ல வினா. தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு விகிதசமனானது. மூன்று தகடுகளை அடுக்கினால் விறைப்பு மும்மடங்காகும். மூன்று தகட்டுத் தடிப்புள்ள ஒரே தகட்டை வைத்தாலோ இருபத்தேழு மடங்காகும். அது வில்லாகாது, உத்திரமாகிவிடும். மெல்லிய தகடுகள் ஒன்றின்மேலொன்று வழுக்கி வளைவதனாலேயே பாரத்தையும் தாங்கி, குலுக்கத்தையும் உள்வாங்குகின்றன.

வில் "பலம் குன்றிவிட்டது" என்று யாவரும் சொல்வர். அது முற்றிலும் சரியன்று. ரொபேர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியின்படி, பாரத்திற்கு ஏற்ற அளவே வில் வளையும்; பாரம் நீங்கினால் மீளும். ஆயினும் மீள்தன்மை எல்லையைத் தாண்டி வளைந்த உருக்கு முழுவதும் மீளாது. சிறிதளவு கோட்டம் அதிலே நிலைத்துவிடும். துரு தின்று மெலியாத தகட்டின் விறைப்பு பெரும்பாலும் முன்போலவே இருக்கும்; குறைந்தது அதன் வளைவே. வளைவு குறையவே வண்டி தாழ்கிறது. தாழவே, மேடுபள்ளத்தில் வில் அசைவதற்கு இடம் இல்லாமற் போகிறது. சட்டம் தடுப்பின்மேல் இடிக்கிறது. ஒவ்வோர் இடியும் கோட்டத்தை மேலும் வளர்க்கும். பழைய தகட்டைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்திப் பூட்டினால் சில காலத்தில் மீண்டும் படுத்துவிடுவதும் இதனாலேயே. முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தாத அடி வெறும் அடிதான்.

பின்வில் மாத்திரம் ஏன் முதலிற் படுக்கிறது? பாரம் அங்கேதான். 36 வோல்ற்று வண்டியின் இருக்கைக்குக் கீழே 6 வோல்ற்றுப் பற்றரிகள் ஆறு இருக்கும். ஈயப் பற்றரியொன்று ஏறக்குறைய 28 கிலோ. ஆறும் சேர்ந்தால் 170 கிலோ அளவு வரும். மோட்டாரும் பின்னச்சோடு பொருந்தியது. ஓட்டுநர் தனியே செல்வது வழக்கமாயின் அவர் பக்கத்து வில் மற்றையதிலும் கூடுதலாகப் படுத்திருக்கும்.

இதன்மேல் வந்தது பின்னிருக்கை. கோல்ஃப் மட்டைப்பைகள் வைத்த இடத்தில், பின்னோக்கி அமரும் ஆசனமொன்றைப் பலர் பூட்டிக்கொள்கின்றனர். ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 165 சென்ரிமீற்றர் என்க. பின்னச்சுக்கு அப்பால் 55 சென்ரிமீற்றர் தள்ளி 150 கிலோ பாரம் ஏறினால், அது நெம்புகோல்போல் முன்புறத்தை 50 கிலோ அளவுக்கு உயர்த்தும். பின்னச்சில் ஏறுவதோ 150 அன்று, 200 கிலோ. முன் சில்லுகள் இலேசாகும். திருப்பும்போது பிடிமானம் குறையும். ஏற்றத்திலே இன்னும் குறையும். இவ்வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தடுப்பு பின் சில்லுகளில் மாத்திரமே உண்டென்பதையும் நினைக்க வேண்டும்.

கடையிலே "கனரக வில்" என்று தகடு கூடியதொன்று விற்பார்கள். வாங்கலாம், உரசல் நிற்கும். ஆனால் அந்த வில் முன்புறம் இழந்த 50 கிலோவைத் திருப்பிக் கொடுக்காது, தடுப்பையும் வலுப்படுத்தாது, சட்டத்தையும் தடிப்பாக்காது. வண்டி நிமிர்ந்து நிற்பதைக் கண்டு, இன்னுமிருவர் ஏறலாம் என்று பிள்ளைகள் நெருங்குவதே எமக்கு அச்சம் தருவது. எத்தனை பேர், எவ்வளவு பாரம் என்பது வண்டி செய்தவர் பொறித்த தகட்டிலும் கைந்நூலிலும் உள்ளது; புதிய வில் அந்த எண்ணை மாற்றவில்லை. பின்னோக்கி அமரும் பிள்ளைக்குத் திருப்பம் வருவது தெரியாது. ஆகவே பிடிகம்பியும் ஆசனப் பட்டியும் இல்லாத பின்னிருக்கையிற் சிறுவரை ஏற்றாதிருப்பதே தகும் என்போம்.

இனி மாற்றும் வேலை. முதலில் நான்கு ரயர்களின் காற்றையும் பார்த்தல் வேண்டும். காற்றுக் குறைந்த ரயருக்காக வில்லைக் குற்றஞ்சாட்டியோர் பலர். பின் சமதரையில் வண்டியை நிறுத்தி, இரு பின்மூடிகளின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்க. புஷ், ஷக்கிள், ஷொக் அப்சோபர் என்பனவற்றையும் ஆராய்ந்து, தேய்ந்தவற்றை வில்லோடு சேர்த்தே வாங்குதல் நன்று. துருப்பிடித்த சுரைகளுக்கு முதல்நாளே எண்ணெய் விட்டுவைத்தல் மறுநாள் கைக்குச் சுகம்.

ஓட்டம், இழுவை என்று இரு நிலையுள்ள ஆளி இருப்பின் இழுவையில் வைத்து, பற்றரியின் மறைமுனைக் கம்பியைக் கழற்றுக. மோதிரமும் கைக்கடிகாரமும் கையில் இருத்தலாகாது. பற்றரி முனைகளிடையே உலோகம் பட்டால் கணத்திற் பழுக்கும். முன் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஜாக்கியால் உயர்த்தியபின், சட்டத்தின் கீழ் உருக்குத் தாங்கிகளை நிறுத்தல் வேண்டும். அச்சின் கீழன்று, அச்சு இறங்க வேண்டியது. சீமெந்துக் கல்லை நம்பலாகாது. அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் கீழ் உடலைச் செலுத்துதலை எக்காரணத்தாலும் அனுமதிக்கலாகாது. நானூறு கிலோவுக்கு "சிறு வண்டி" என்ற பெயர் தெரியாது.

வில்களை இரண்டாகவே மாற்றுக. ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி சாய்ந்தே நிற்கும். ஆயினும் கழற்றுவது ஒவ்வொரு பக்கமாக இருக்கட்டும். மறுபக்கத்து வில் அச்சை இடம் பெயராது பிடித்துக்கொள்ளும். பூட்டும்போது நடு ஆணியின் தலை அச்சிலுள்ள குழியில் அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தே கொளுவிகளை இறுக்குக. அது அமராவிடின் அச்சு கோணி, வண்டி பக்கம் இழுக்கும். கண்களிலுள்ள ஆணிகளை மட்டும் வண்டி தரையிறங்கிப் பாரம் வில்லில் விழுந்தபின் இறுதியாக இறுக்குதல் வேண்டும்; தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் முறுகியபடியே நின்று விரைவிற் கிழியும். எவ்வளவு இறுக்கம் என்பதற்குக் கைந்நூலிற் கண்ட அளவே அளவு. சில நாள் ஓடியதும் புதிய தகடுகள் படியும்; அப்போது கொளுவிச் சுரைகளை மறுபடியும் பார்த்து, உயரத்தையும் அளந்து பழைய குறிப்போடு ஒப்பிடுக.

கழற்றிய தகடுகள் நல்ல உருக்கு. நம்மூரிலாயின் கம்மாலைக்குப் போய்க் கத்தியாகத் திரும்பிவரும். ஜோர்ஜியாவிலே பழைய இரும்பு சேர்ப்போரிடம் கொடுத்துவிடலாம். வேறொரு வண்டிக்காரருக்கு "இன்னும் கொஞ்சக்காலம் ஓடும்" என்று மாத்திரம் கொடுக்க வேண்டாம். துருவின் அடியில் தொடங்கிய மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.