குழந்தையின் சொல்லை எடுத்துரைப்பவர் யார்?

நம் அன்பர்கள் அவ்வப்போது நம்மை வினவும் வினாக்களுள் இஃது ஒன்று: "குழந்தை நலக் குழு என்று ஒன்று கொல்கத்தாவில் இருக்கிறதாமே, அதனால் நமக்கு என்ன?" வினா இயல்பானதே. கப்பல்துறையையும் கடைத்தெருவையும் நம்பி வாழும் கிடர்பூர்க் குடும்பத்தார்க்கு அரசு அலுவலகம் என்றால் ரேஷன் அட்டை பெறுமிடம் என்ற அளவே பழக்கம். ஆயினும் வழிதவறிய குழந்தை, வேலைக்கு வைத்து வதைக்கப்பெற்ற குழந்தை, வீட்டிலேயே தீங்குற்றுக் காப்பாரின்றி நிற்கும் குழந்தை ஆகியோர் கொண்டு நிறுத்தப்பெறும் இடம் அக்குழுவே. ஆதலின் அஃது எத்தகைய ஆட்களைக் கொண்டு நடக்கின்றது என்பது நம் கவலையும் ஆகும்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினரும் இருத்தல் வேண்டும். அவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். திங்களில் 20 நாளேனும் கூடுதல் வேண்டும். பாதுகாப்பு வேண்டிநிற்கும் குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் அவர்முன் கொண்டுவருதல் வேண்டும். சட்டம் நமக்குப் புதிதன்று. சென்னை மாகாணம் 1920இலேயே குழந்தைகள் சட்டம் இயற்றியது. வங்கம் 1922இல் இயற்றியது. குறை ஏட்டில் இல்லை; ஆளிலும் பயிற்சியிலும்தான் இருக்கின்றது.

வங்கமும் உருதுவும் இந்தியும் தெலுங்கும் தமிழும் ஒரே சந்தில் ஒலிக்கும் ஊர் இது. ஐந்து உறுப்பினர் இத்தனை மொழிகளையும் அறிந்திருப்பர் என எதிர்பார்ப்பது முறையன்று. அங்ஙனமாயின், ஆறு வயதுத் தமிழ்ப் பெண்குழந்தை ஒருத்தி அங்கே வாய் திறந்தால் அவள் சொல்வதை எடுத்துரைப்பவர் யார்?

இதனைச் சிறு செய்தி என எண்ணுவோர்க்கு ஒரு சொல்லைக் காட்டுவோம். நம் குழந்தைகள் பக்கத்து வீட்டுக்காரரையும், கடைக்காரரையும், தந்தையின் நண்பரையும் 'மாமா' என்றே அழைக்கின்றனர். வங்க மொழியிலும் அச்சொல் உண்டு. ஆனால் உறவுமுறையில் அது தாயின் உடன்பிறந்தானையே குறிக்கும். "மாமா அடித்தார்" என்று குழந்தை கூறியதை அப்படியே எழுதிக்கொண்டால் என்ன ஆகும்? குற்றம் புரிந்த அயலான் தப்பிவிடுவான். குழந்தையைத் தாங்கக்கூடிய தாய்மாமன் ஐயத்திற்கு ஆளாவான். அவன் வீட்டில் சேர்க்கத்தக்க குழந்தை விடுதிக்கு அனுப்பப்பெறும். 'தாத்தா' என்பதும் அத்தகையதே. அவசரத்தில் கேட்கும் செவிக்கு அது 'தாதா' என ஒலிக்கும். வங்கத்தில் அதன் பொருள் அண்ணன். கிழவர் ஒருவர் இளைஞராக மாற ஓர் எழுத்து போதும்!

இவ்வூர்த் துறைக்கு இத்தகைய வரலாறு ஒன்று முன்னரே உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மொரீசுக்கும் டெமராராவுக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியோர் பலர், தமக்கு விளங்காத ஒப்பந்தங்களில் கைந்நாட்டு வைத்துச் சென்றனர். அவர்கள் நினைவாகக் கிடர்பூரில் 2011இல் நினைவுச்சின்னம் நிறுவப்பெற்றது. அவ்வழியே செல்லும் அன்பர்கள் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

இனி, தீர்வும் ஏட்டில் இருக்கின்றது என்பதையே அன்பர்கள் சிறப்பாக அறிதல் வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012இல் பிறந்தது போக்சோ சட்டம். அதன்கீழ் 2020இல் வகுக்கப்பெற்ற விதிகளின்படி, ஒவ்வொரு மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகும் மொழிபெயர்த்துக் கூறுவோரின் பதிவேடு ஒன்றைப் பேணுதல் வேண்டும். அதில் இடம்பெறப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டுவதில்லை. குழந்தையின் மொழியும் மாநில ஆட்சிமொழியும் பழக்கமாயிருத்தல் போதும். அப்பழக்கம் தாய்மொழியாலோ, தொடக்கப்பள்ளி வரையேனும் அம்மொழியில் பயின்றதாலோ, தொழிலாலோ, அம்மொழி வழங்கும் இடத்தில் வாழ்ந்ததாலோ வந்திருக்கலாம். வீட்டில் தமிழும் பள்ளியில் வங்கமும் பேசி வளர்ந்த நம் பெண்மக்கள் இத்தகுதியை நாள்தோறும் சுமந்து திரிகின்றனர். அவருள் எத்தனை பேர் இப்பதிவேட்டைக் கேள்விப்பட்டிருப்பர்?

எனினும் இரு மொழி அறிந்தார் எல்லாரும் இப்பணிக்கு உரியவர் ஆகார். பயிற்சி வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே. சேர்க்காமலும் நீக்காமலும் முழுமையாக எடுத்துரைக்க வேண்டும் என்பது விதி. குழந்தை கூறும் கொடுஞ்சொல்லைக் கேட்டு நாணி, அதனை மென்மையாக்கிச் சொல்வது நம்மவர் இயல்பு. குடும்ப மானம் கருதி ஒரு சொல்லை விழுங்குவோரும் உளர். இரக்கத்தால் ஒரு சொல் கூட்டுவோரும் உளர். மூவராலும் கெடுவது குழந்தையின் வழக்கே. "அவர் உன்னைத் தொட்டாரா?" என்று விடையை வினாவிலேயே வைக்காமல், "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்கவும், குழந்தை மௌனமாக இருந்தால் தாமும் காத்திருக்கவும் பழகுதல் வேண்டும்.

பயிற்சி என்றால் சான்றிதழுக்கு ஒருநாள் உட்கார்ந்து எழுவது என்று கருதுவோர் தமிழ்நாட்டின் முன்னனுபவம் ஒன்றை நோக்குக. 1980இல் மதுரை மாவட்டக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, அந்தந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்து, ஏறத்தாழ இரண்டு திங்கள் பயிற்றுவித்து, பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் வீதம் அமர்த்தினர். கடும் ஊட்டக்குறைவு அங்குக் குறைந்ததற்கு இவ்வேற்பாடே பெருங்காரணம் என ஆராய்ந்தோர் கூறினர். குழந்தைகளை எடைபோடவே அத்தனை பயிற்சி என்றால், அவர்தம் வாக்குமூலத்தை எடுத்துரைக்க எத்துணை வேண்டும்!

நம்மிடையே உள்ள இடர்ப்பாடு ஒன்றையும் மறைக்காமல் கூறிவிடுவோம். நாம் சிறு தொகையினர். ஒருவரை ஒருவர் அறிவோம். எடுத்துரைப்பவர் குற்றஞ்சாட்டப்பெற்றவரின் மைத்துனராகவோ சீட்டுக்கூட்டாளியாகவோ இருக்கக்கூடும். அத்தொடர்பை அவர் முன்னரே வெளிப்படுத்தல் வேண்டும் என விதி கூறுகின்றது. கேட்டதை வெளியில் பேசாதிருத்தலும் அவர் கடன். ஆகவே சங்கத்தின் செயற்குழுவினர் பெயர்களை மட்டும் அனுப்பி மனநிறைவு கொள்ளுதல் கூடாது. வெவ்வேறு தெருவினர், வெவ்வேறு மாவட்டத்திலிருந்து வந்தோர், சங்கத்தில் சேராதோர் எனப் பலர் பெயரும் செல்லுதல் வேண்டும்.

இஃது இலவசத் தொண்டன்று என்பதையும் இல்லத்தரசியர் அறிதல் நலம். திறன்மிக்க தொழிலாளிக்குரிய குறைந்தபட்ச ஊதியத்திற்குக் குறையாமல் பணம் கொடுத்தல் வேண்டும் என அவ்விதிகளே கூறுகின்றன. எடுத்துரைப்பவர் ஆணாகவோ பெண்ணாகவோ இருத்தல் வேண்டும் எனக் குழந்தை விரும்பினால் அவ்விருப்பமும் கருதப்பெறும். ஆதலின் பெயர் தருவோருள் பாதிப்பேருக்கு மேல் மகளிராக இருக்கட்டும். நம் பட்டியல் நிறைந்ததும், பயிற்சிக்கு நாள் குறித்துத் தருமாறு மாவட்ட அலகிற்கு எழுதுவோம்.