பழைய பொறியில் உறங்கும் எழுத்து



சென்ற மாதம் நம் சங்கத்துச் சகோதரி ஒருவர், பழைய கணிப்பொறி ஒன்றைத் துணியில் சுற்றி எங்கள் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து வைத்தார். காலஞ்சென்ற அவர் தந்தையார், திருத்தணிப் பக்கத்திலிருந்து வரதய்யபாளையத்திற்குக் குடிவந்த வரலாற்றையும் நிலக் கணக்கையும் விண்டோஸ் 98 இருந்த அப்பொறியில் தமிழில் தட்டி வைத்திருந்தார். இப்போது பொறி உயிர்பெறவில்லை. பழுது பார்ப்பவர் எடைக்குப் போடச் சொன்னாராம். "அண்ணா, அப்பாவின் எழுத்தையும் எடைக்குப் போடுவதா?" என்றார் அவர்.

விண்டோஸ் 98-ஐ இன்றைய பொறியில் நேராக ஏற்ற முடியாதா எனின், பெரும்பாலும் முடியாது. புதிய உறுப்புகளை இயக்கும் முறை அதற்குத் தெரியாது. 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் இருந்தாலே இடறும்.

ஆயினும் வழியுண்டு. மீட்டர்கேஜ் பெட்டி அகலப்பாதையில் ஓடாது. ஆனால் அகலப்பாதை வாகனத்தின்மேல் அப்பெட்டியை ஏற்றிவிட்டால் ஊர் போய்ச் சேரும். அதுபோலவே, 86பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் புதிய பொறிக்குள் பழைய பொறி ஒன்றைப் போலியாகப் படைத்துத் தருகின்றன. பழைய இயக்க முறைமை, தன் காலத்துப் பொறியிலேயே இருப்பதாக எண்ணி இயங்கும்.

பழைய முறைமையைப் புதிய பொறிக்குக் கொண்டுசெல்வது ஏழைகளின் ஒட்டுவேலை என்று எண்ணவேண்டா. டில்லியில் தொடங்கிய நமது ரயில்வேயின் கணிப்பொறி முன்பதிவு, வாக்ஸ் பொறிகளில் விஎம்எஸ் என்னும் முறைமையின்மேல் நடந்தது. பின்னர் பொறிகள் இட்டானியம் வரை மாறியும் முறைமையின் வழி மாறவில்லை. 1977-இல் பிறந்த அம்முறைமை, 2022-இல் இன்றைய சாதாரணச் சில்லுகளுக்கும் ஏற்றவாறு வெளிவந்தது.

சகோதரியின் பொறிக்கு வருவோம். வன்வட்டைக் கழற்றி, யூஎஸ்பி வடத்தால் இணைத்து, முதலில் முழுவதையும் பிரதி எடுத்தோம். கோப்பைத் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல்! அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்தின் இடங்களில் தமிழ் எழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி வைத்திருந்தது. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என நெறிகள் வகுத்தும், முன்பு தட்டியவை அப்படியே கிடந்தன. ஆகவே, அவர் தந்தையார் விலைக்கு வாங்கிய விண்டோஸ் வட்டைக் கொண்டே போலிப் பொறியில் முறைமையை நிறுவி, பழைய வட்டிலிருந்த எழுத்துருவையும் சேர்த்தோம். திரையில் தமிழ் மலர்ந்தது. சகோதரி வாய்விட்டுப் படித்தார்.

ஆனால் இறுதிச் சில பக்கங்கள் கிட்டவில்லை. வட்டில் அப்பகுதி கெட்டிருந்தது. ஈராண்டு முன்னரே வந்திருந்தால் அவையும் கிடைத்திருக்கலாம்.

ஆதலின் அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். பழைய வட்டு இருப்பின் இன்றே பிரதி எடுங்கள். போலிப் பொறியில் இயங்கும் பழைய முறைமையை இணையத்தில் இணைக்காதீர்கள். விண்டோஸ் 98-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2006-இலேயே நின்றுவிட்டன. படிக்க முடிந்ததை யூனிகோடுக்கு மாற்றிக் காகிதத்திலும் அச்சிட்டு வையுங்கள்.

அயல்மொழி நாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று சொல்ல அந்த எழுத்தன்றி வேறு சாட்சி இல்லை.