கணக்கைக் கட்டம் போட்டுச் சொல்லுங்கள்

திருக்கோவிலூரில் தொடங்கும் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

அரசுப் பணம் பற்றி எழுதப்படும் எந்த ஆவணமும் அந்தப் பணத்தின் கணக்கை அட்டவணையில் தர வேண்டும். அரசாணை, கொள்கை விளக்கக் குறிப்பு, நிவாரண அறிவிப்பு, கிராம சபையில் வைக்கும் வரவு செலவு அறிக்கை, தகவல் உரிமை மனுவுக்கு வரும் பதில், எதற்கும் விலக்கில்லை. இதுதான் எங்கள் கோரிக்கை. தென்பெண்ணைக் கரையில் பயிர் வைப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளைகள் எனப் பலரும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். பெயர் இன்னும் வைக்கவில்லை. பெயர் வைக்கும் கூட்டத்திலேயே இரண்டாக உடைந்த இயக்கங்கள் தமிழ்நாட்டில் போதுமான அளவு உண்டு.

இதற்கெல்லாமா ஓர் இயக்கம் என்று கேட்பவர்கள், நிதி ஒதுக்கும் அரசாணை ஒன்றை எடுத்து ஒரே மூச்சில் படித்துப் பார்க்கட்டும். மேலே ஒன்றில் படிக்கப்பட்ட ஆணையில் தொடங்கி, மேலே மூன்றில் படிக்கப்பட்ட கடிதத்துக்குத் தாவும். நடுவில் ஒரு தொகை வரும். எண்ணில் ஒரு முறை, அடைப்புக்குறிக்குள் எழுத்தில் ஒரு முறை, கடைசியில் ‘மட்டும்’. அடுத்த அரை வாக்கியத்தில் மத்திய அரசின் பங்கு, அதற்கடுத்து மாநிலப் பங்கு, பிறகு முதல் தவணை. இயக்குநரின் கருத்துருவை அரசு கவனமுடன் பரிசீலித்து முடிக்கும்போது, எந்த ஊருக்கு எவ்வளவு என்பது படித்தவர் நினைவில் நிற்காது. எழுதியவருக்கு நின்றதா என்பதும் சந்தேகமே.

பணத்துக்குப் பல நிலைகள் உண்டு. அறிவித்த தொகை வேறு, நிர்வாக அனுமதி கிடைத்த தொகை வேறு. விடுவித்தது வேறு, செலவழித்தது வேறு. செலவழித்த பிறகும் வேலை முடிந்ததா என்ற கேள்வி பாக்கி. மேடையில் பேசும்போது இவை அத்தனையும் ‘ஒதுக்கீடு’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடும். உரைநடைக்கு இது வசதி. ஒன்றைச் சொல்லாமல் விட்டாலும் வாக்கியம் இலக்கணப்படி முழுமையாகவே இருக்கும். கட்டத்தில் அது நடக்காது. ‘விடுவித்தது’ என்று தலைப்புப் போட்டுவிட்டால், கீழே எண் இல்லாத இடம் பளிச்சென்று தெரியும். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்பதை அரை அங்குலக் கட்டத்துக்குள் எழுதிப் பாருங்கள், இடம் போதாது. நாங்கள் கேட்பது அந்தக் காலி இடம் கண்ணில் பட வேண்டும் என்பதைத்தான்.

எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. கரையோரம் என்ன ஆனது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கு ஹெக்டேர் கணக்கில் தொகை, மாடு இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000. அறிவிப்பில் குழப்பமில்லை. சிக்கல் ஹெக்டேரில் வந்தது. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று போட்டிருக்கும். வாயில் வருவது ஏக்கரும் செண்டும்தான். அறுபது செண்டு நெல் வைத்தவர் தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பார்? அறிவிப்போடு இப்படி ஓர் அட்டவணை சேர்ந்திருந்தால் போதும்:

| சேதம் | ஹெக்டேருக்கு (ரூ.) | ஏக்கருக்கு, தோராயமாக (ரூ.) | 10 செண்டுக்கு, தோராயமாக (ரூ.) |
|---|---|---|---|
| நெற்பயிர் | 17,000 | 6,880 | 688 |
| மானாவாரிப் பயிர் | 8,500 | 3,440 | 344 |
| பல்லாண்டுப் பயிர், மரங்கள் | 22,500 | 9,106 | 911 |

அறுபது செண்டுக்கு 688-ஐ ஆறால் பெருக்கினால் 4,128 ரூபாய். நான்காம் வகுப்புக் குழந்தை போடும் கணக்கு. இன்னொரு அட்டவணையும் வேண்டும். ஊர், பாதித்த பரப்பு, கணக்கெடுத்த தேதி, பட்டியலில் உள்ளோர், பணம் பெற்றோர், மொத்தத் தொகை. இதைக் கிராமவாரியாக நிரப்பி கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால், ‘அவனுக்கு மட்டும் எப்படி வந்தது’ என்று டீக்கடையில் நடக்கும் சண்டையில் பாதி நின்றுபோகும். மீதிப் பாதி நியாயமான சண்டை, அது நடக்கட்டும்.

இனி எல்லைகள். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வரும் 34.58 லட்சம் என்ற எண் பழைய, பெரிய விழுப்புரத்துக்கு உரியது. மாவட்டவாரி நிதியைப் பழைய ஆண்டோடு ஒப்பிடும் ஒருவர், பிரிவினை பற்றிய குறிப்பில்லாத அட்டவணையைப் பார்த்தால் விழுப்புரத்துக்குத் திடீரென்று நிதி குறைந்துவிட்டதாக நினைப்பார். திருக்கோவிலூர் சட்டமன்றத் தொகுதியின் ஒரு பகுதி விழுப்புரம் மாவட்டத்துக் கண்டாச்சிபுரம் வட்டத்தில் இருக்கிறது. தொகுதி விழுப்புரம் மக்களவைத் தொகுதிக்கு உட்பட்டது. திருக்கோவிலூர் தாலுகாவோ கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி, மக்களவை உறுப்பினருக்கு 5 கோடி என்று தொகுதி நிதி வருகிறது; ஒரு தெருவுக்குப் போட்ட சிமென்ட் சாலை எந்தக் கணக்கில், எந்த மாவட்டப் புத்தகத்தில் ஏறியது என்று தேடுபவர் இரண்டு கலெக்டர் அலுவலகப் படிகளையும் ஏற வேண்டும்.

மலையின் பாடு இதைவிட மோசம். கல்வராயன் ஒரே மலை. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு எல்லாம் கள்ளக்குறிச்சியில். கருமந்துறை சேலம் மாவட்டத்தில். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டம் 1970களிலிருந்து இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, கல்வராயன் மலை மக்களுக்கு என்னென்ன வசதிகள் செய்யப்பட்டுள்ளன என்று அரசிடம் கேட்டது. ஐம்பது ஆண்டுக்கு அருகில் பணம் ஏறிய மலைக்கு என்ன செய்தோம் என்று ஒரு நீதிமன்றம் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? ஊர்வாரியாகச் சாலை, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆண்டு, தொகை, இன்றைய நிலை என்று ஒரே அட்டவணை, இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவாக இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரு மாலைப்பொழுதில் பதில் எழுதியிருக்கலாம்.

2024-ல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டத்துக்குத் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வரவேற்கிறோம். ஆனால் மாநில அளவில் பழங்குடியினர் 1.1 சதவீதம் என்ற எண்ணை வைத்துக்கொண்டு இன்னாட்டுக்காரர் எதையும் சரிபார்க்க முடியாது. அவருக்கு வேண்டியது இன்னாடு என்ற வரிசை.

அட்டவணை படிக்கத் தெரியாத மக்கள் என்று எங்களிடம் சொல்ல வேண்டாம். கிராமக் கணக்கு எண் 2 ஆன அடங்கலில் புல எண், பரப்பு, பயிர், பாசனம் என்று கட்டம் கட்டமாகத்தான் எங்கள் நிலம் இருக்கிறது. பசலி முடியும் சமயத்தில் ஜமாபந்தி வைத்து அந்தக் கட்டங்களை அதிகாரிகள் சரிபார்க்கிறார்கள். கர்ணம் பதவியை 1980-ல் ஒழித்தார்கள். அவர் போட்ட கட்டங்களை யாரும் ஒழிக்கவில்லை. குடிமக்களிடமிருந்து வரி வாங்கும் கணக்கை அட்டவணையில் எழுதத் தெரிந்த அரசு, குடிமக்களுக்குத் தரும் கணக்கை மட்டும் ஏன் வாக்கியத்தில் எழுதுகிறது? ஒரு கல்யாண வீட்டு மொய் நோட்டில்கூட ஊர், பெயர், தொகை என்று கோடு போட்டுத்தானே எழுதுகிறோம்.

எங்கள் ஊர்க் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்லில் கட்டம் போட வசதியில்லை, ஓட்டமாகத்தான் வெட்டினார்கள். ஆனாலும் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, ராஜராஜன் குறிக்கும்போது, ஒவ்வொருவருக்கும் எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று ஒரே ஒழுங்கில் வருகிறது. கோடுகள்தான் இல்லை, அட்டவணை இருக்கிறது. (திருக்கோவிலூர்க்காரர்கள் பேசினால் கல்வெட்டு வராமல் இருக்காது, பொறுத்துக்கொள்ளவும்.)

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 4(1)(ஆ) பிரிவு, யாரும் கேட்காமலே அலுவலகங்கள் வெளியிட வேண்டிய 17 இனங்களைச் சொல்கிறது. ஒதுக்கிய நிதி, செலவு, மானியத் திட்டப் பயனாளிகள் எல்லாம் அதில் உண்டு. 4(4) உள்ளூர் மொழியையும், மக்களுக்கு எளிதில் போய்ச் சேரும் முறையையும் கவனிக்கச் சொல்கிறது. கேட்ட வடிவிலேயே தகவல் தருவது இயல்பான நடைமுறையாக இருக்க வேண்டும் என்கிறது 7(9). அந்தச் சட்டத்துக்கே வித்திட்டது ராஜஸ்தான் கிராமங்களில் நடந்த கணக்கு வாசிப்புதான். 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 முதல் மக்கள் விசாரணைகள் நடத்தி, நாம் என்.எம்.ஆர். என்று சொல்லும் கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தது. வேலைக்கே வராதவர் பெயரிலும் கூலி ஏறியிருந்ததை அப்படித்தான் மக்கள் பிடித்தார்கள். படித்தது பெயர், நாள், தொகை என்ற மூன்று கட்டங்கள். பக்கத்துக் கேரளத்தில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் எவ்வளவு என்பது மாநில பட்ஜெட்டின் நான்காம் பிற்சேர்க்கையில் அச்சாகிறது.

அட்டவணையும் பொய் சொல்லும். அதை நாங்கள் அறிவோம். ‘இதர செலவினம்’ என்ற ஒரே வரிசைக்குள் ஒரு கிணற்றையே மூடிவிடலாம். ஆகவே எங்கள் கோரிக்கையோடு சில நிபந்தனைகளும் உண்டு. தொகை ரூபாயிலா, இலட்சத்திலா என்பது ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் இருக்க வேண்டும். நாற்பது பக்க அட்டவணைக்கு முதல் பக்கத்தில் மட்டும் தலைப்புப் போட்டால், இருபத்து மூன்றாம் பக்கத்து ஏழாவது கட்டம் எதைச் சொல்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். செலவே இல்லையென்றால் 0 என்று எழுதுங்கள். அந்த ஊருக்குப் பொருந்தாதென்றால் ‘பொருந்தாது’ என்று எழுதுங்கள். விவரம் வரவில்லையென்றால் ‘வரவில்லை’ என்று எழுதுங்கள். மூன்றுக்கும் ஒரே சிறுகோட்டை இழுத்துவிட்டுப் போகாதீர்கள். எந்தத் தேதி நிலவரம், எந்த எல்லை, எந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்தது என்பது அடியில் வர வேண்டும். எங்கள் இயக்கத்தில் மிக நீண்ட விவாதம் நடந்தது இந்தச் சிறுகோட்டைப் பற்றித்தான்.

கோணலாக ஸ்கேன் செய்த காகிதம் எங்களுக்கு வேண்டாம். பார்வையற்றவரின் கணினி அதை வாசிக்காது. கூட்டல் சரிதானா என்று பார்க்க அத்தனையையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். வானவில் எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாகத்தான் திறக்கும். 2010-லேயே அரசு யூனிகோடை ஏற்றாயிற்று. அதே கோப்பை யூனிகோடில், எக்செல் வடிவில் தருவதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

எழுத்தர்களோடு எங்களுக்குப் பகை கிடையாது. ஒரே விவரத்தை நான்கு மேலதிகாரிகளுக்கு நான்கு படிவங்களில் நிரப்பிக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். ஒரு நல்ல அட்டவணை வந்தால் முதலில் அவர்கள் வேலைதான் குறையும். படிக்கத் தெரியாதவர்களையும் மறக்கவில்லை. கிராம சபையில் வரவு செலவைப் பலகையில் வைப்பதோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக உரக்கப் படித்து, அந்த வேலை நடந்த தெருக்காரர் ஆமாம் அல்லது இல்லை என்று சொன்ன பிறகுதான் அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறிலும் நாங்கள் இருப்போம்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் கோடு போடுங்கள். பணியின் பெயர், அனுமதித்த தொகை, விடுவித்த தொகை, செலவான தொகை, வேலை முடிந்த தேதி என்று ஐந்து தலைப்பு எழுதி, கீழே எல்லாக் கட்டங்களையும் காலியாக விடுங்கள். இந்த வடிவில் கடந்த ஆண்டுக் கணக்கைத் தாருங்கள் என்று எழுதிச் சபையில் கொடுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நகலில் தேதியோடு கையொப்பம் வாங்க மறக்க வேண்டாம்.