செலவும் வரவும்

செலவு என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் இருபொருள் கண்டனர். ஓரிடத்தினின்று மற்றோரிடம் செல்லுதலும் செலவே. கைப்பொருள் கழிதலும் செலவே. வரவு என்பதும் அவ்வாறே ஆள் வருதலையும் பொருள் வருதலையும் ஒருங்கே குறிக்கும். அரசுப்பணியின் பொருட்டு வெளியூர் சென்று மீள்வோன் இவ்விரு சொற்களின் தொடர்பை நன்கறிவான். அவன் வந்துவிடுகின்றான், அவன் பணந்தான் வருவதில்லை.

விடைத்தாள் திருத்தும் பணிக்குச் சென்றுவந்த எனக்குப் பயணப்படிப் பட்டியல் ஒருகால் மும்முறை திரும்பி வந்தது. எவ்விதியின்படி திருப்பினர் என்று சொல்வார் ஒருவருமிலர். எனக்கு அது சலிப்பு. குறைந்த ஊதியத்தில் கடன்பட்டுப் பயணம் செய்யும் கடைநிலைப் பணியாளனுக்கோ அது வட்டி.

கணிப்பொறி வந்தால் இவ்விடர் தீரும் என்பர். தானாகத் தீராது. விதி குழம்பியிருப்பின், பொறி அக்குழப்பத்தையே விரைந்து செய்யும், அவ்வளவே.

இதற்கு அமெரிக்க நாடே இருவகையானும் சான்றாகும். அந்நாட்டு நடுவணரசு தன் பணியாளர்க்குரிய பயணவிதிகளை 1998-இல் எளிய நடையில், வினாவும் விடையுமாகத் திருத்தி எழுதிற்று. பணியாளன் 'நான்' என வினவுகின்றான். விதி 'நீங்கள்' என விடையிறுக்கின்றது. பயணம் முடிந்த 5 பணிநாள்களுக்குள் பட்டியல் தரல் வேண்டும். முறையான பட்டியல் கிடைத்த 30 நாள்களுக்குள் அலுவலகம் பணம் தரல் வேண்டும். தவறின் காலத்தாழ்வுக்கும் சேர்த்துத் தரல் வேண்டும். முதல்நாளுக்கும் இறுதிநாளுக்கும் உணவுப்படி 75 விழுக்காடு. தங்கற்செலவுக்கும், 75 தாலருக்கு மேற்பட்ட பிற செலவுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். இவ்வாறு வரையறுத்த விதியையே மென்பொருளிற் பொருத்த இயலும்.

ஆயினும், விதி தெளிவாயிருந்தால் மட்டும் போதாது என்பதையும் அந்நாடே காட்டிற்று. அதன் பாதுகாப்புத்துறை, தன் பழைய பயணப் பொறியமைப்புக்கு மாற்றாக, விற்பனைக்கு வந்த ஆயத்த மென்பொருளொன்றைக் கொணர்ந்தது. 2022-இல் அதனையே கையாளுமாறு ஆணையிட்டது. 2023 மே திங்களிலேயே அவ்வாணையைத் திரும்பப்பெற்றுப் பழையதற்கே மீண்டது. துறையின் கணக்கு அமைப்புகளோடு புதியதைப் பிணைப்பது எளிதாகவில்லை. ஆயத்தச் சட்டையை வாங்கிவிட்டு உடலை அதற்கேற்ப வெட்ட இயலுமோ?

எனவே, மென்பொருளை விலைக்கு வாங்குவது சிறுவேலை. விதிக்கேற்ப அதனைப் பொருத்துவதும், பொருத்தியபின் பணியாளனுக்கு அருகிருந்து துணைநிற்பதுமே பெருவேலை. பொருத்துவோன் விதியை மட்டுமன்றி, பேருந்தில் இடிபட்டுச் சென்று கிடைத்த இடத்தில் தங்கும் பணியாளனின் ஒருநாளையும் அறிந்திருத்தல் வேண்டும். துணைநிற்போன், பட்டியல் ஏன் நின்றது என்பதை அப்பணியாளனின் மொழியிலேயே சொல்ல வல்லவனாதல் வேண்டும். 'பிழை' என்று மட்டும் காட்டி வாய்மூடும் பொறி, பழைய எழுத்தரினும் கொடியது. எழுத்தரிடம் கெஞ்சவேனும் இயலும்.

விதியை எளிதாக்கினால் ஏய்ப்போர் பெருகுவர் என்பார் உளர். ஏய்ப்போன் கடினமான விதியையும் கற்றுக்கொள்வான். அதில் சிக்கித் தவிப்பவன் நேர்மையாளனே.

1956-இலேயே தமிழுக்கு ஆட்சிமொழிச் சட்டம் கண்ட நாடு இது. நாம் கேட்பன மூன்று. பயணவிதிகள் பணியாளன் வினவும் முறையில் நல்ல தமிழில் எழுதப்பெறுக. திருப்பப்பெறும் ஒவ்வொரு பட்டியலும், எவ்விதியால் திருப்பப்பெற்றது என்பதையும் திருத்தும் வழியையும் தமிழில் தாங்கி வருக. காலவரையறை பணியாளனை மட்டுமன்றி அரசையும் கட்டுக.

செலவை ஆணையிடுவோர்க்கு வரவை உறுதிசெய்யும் கடனும் உண்டு.