நான் பாத்துக்கறேன் மச்சான்

"ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டுடாதே." ஆரணி பக்கம் மீசை முளைத்த பையனுக்கு அப்பா கொடுக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான். நண்பன் கடன் வாங்குவான், இவன் கையெழுத்துப் போடுவான், நண்பன் ஊரை விட்டுக் கிளம்புவான், வங்கிக்காரர் இவன் வீட்டுக் கதவைத் தட்டுவார். அதனால் கடன் பத்திரம் என்றால் எல்லோரும் உஷாராகி விடுகிறார்கள்.

ஆனால் கையெழுத்தே இல்லாத இன்னொரு ஜாமீன் இருக்கிறது. அதற்கு யாரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

களம்பூரையே எடுத்துக்கொள்வோம். 'ஆரணி ரோடு' என்று பெயர் போட்ட ரயில் நிலையம், அரிசி ஆலைகள், தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இங்கே ஒரு கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள், குழந்தை யாரிடம் வளர்வது என்று கஸ்டடி வழக்கு நடக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். குழந்தை அம்மாவிடம். அப்பாவுக்கு ராத்திரியில் தூக்கமில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் வெறுங்கையோடு திரும்புகிறார்.

அவருக்கு நான்கு நண்பர்கள். ஒருவர் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். ஒருவர் வங்கியில் கிளார்க். ஒருவர் அந்த அம்மாவின் எதிர் வீடு. இன்னொருவன் கம்ப்யூட்டர் தெரிந்த காலேஜ் பையன். நால்வரிடமும் அவர் கேட்பது ஒன்றுதான். "அவ என்ன பண்றான்னு மட்டும் பாத்துச் சொல்லு. குழந்தைக்காகத்தான் கேக்கறேன். ஏதாவது பிரச்சினை வந்தா நான் பாத்துக்கறேன் மச்சான்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பார்ப்போம். பி.காம். படிக்கிறவர்கள் பிசினஸ் லா பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் ஒரு பிரிவு உண்டு. 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 224. ஒருவர் இன்னொருவரைக் குற்றமான ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, "வருவதை நான் ஏற்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தாலும் அந்த வாக்கு செல்லாது. சட்டமே உதாரணமும் தருகிறது. ஏ சொல்லி பி போய் சி-யை அடிக்கிறான். சி-க்கு நஷ்டஈடு கட்ட வேண்டிய பி, ஏ-யிடம் போய் அந்தப் பணத்தைக் கேட்க முடியாது. அவ்வளவுதான்!

கடனுக்கு ஜாமீன் போட்டவன் நிலைமை இதைவிடத் தேவலை. அவன் கட்டிய பணத்தை நண்பனிடம் வழக்குப் போட்டாவது திரும்ப வாங்கலாம். இங்கே அதற்கும் வழியில்லை. "நான் பாத்துக்கறேன்" என்பது சட்டத்தின் கண்ணில் வெறும் காற்று.

சரி, அந்த நான்கு பேரும் செய்வது உண்மையிலேயே குற்றமா? ஒவ்வொருவராகப் பார்க்கலாம்.

சர்வீஸ் கடைக்காரர், ரிப்பேருக்கு வந்த போனில் உளவு ஆப் போட்டுக் கொடுக்கிறார். காலேஜ் பையன், வாட்ஸப்பை இன்னொரு கம்ப்யூட்டரில் இணைத்துக் கொடுக்கிறான், அல்லது பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துத் தருகிறான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 இதற்கென்றே இருக்கிறது. உரியவர் அனுமதி இல்லாமல் ஒரு கருவிக்குள் நுழைவது தவறு என்பதோடு அது நிற்கவில்லை. அதன் 'ஜி' உட்பிரிவு, அப்படி நுழைய இன்னொருவருக்கு உதவி செய்வதையும் தனியாகச் சொல்கிறது. அதாவது நண்பனுக்காகவே எழுதி வைத்த வரி! இதற்கு நஷ்டஈடு கட்ட வேண்டும். நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் பிரிவு 66ன்படி 3 வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவர் பாஸ்வேர்டை அப்படிப் பயன்படுத்தினால் 66சி தனி.

கண்காணிக்கப்படுவது பெண், கண்காணிப்பது ஆண் என்றால் இன்னொன்றும் சேரும். 2013ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி என்று வந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 78 ஆகியிருக்கும் 'பின்தொடர்தல்' குற்றம். தெருவில் பின்னால் போவது மட்டும்தான் பின்தொடர்தல் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல் முதலான மின்னணுத் தொடர்பைக் கண்காணிப்பதும் அதில் அடக்கம். மத்தியச் சட்டப்படி முதல் தடவைக்கே 3 வருடம் வரை சிறை.

(மனைவிக்காகக் கணவனின் போனைத் தோண்டும் தோழிகள் இங்கே நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஆண், பெண் பார்ப்பதில்லை.)

வங்கி கிளார்க், அந்த அம்மாவின் கணக்கு விவரத்தை பிரிண்ட் எடுத்துத் தருகிறார். வாடிக்கையாளர் ரகசியத்தைக் காப்பது வங்கியின் கடமை. யார் ஐடியில் எந்தக் கணக்கு திறக்கப்பட்டது என்று கம்ப்யூட்டரில் பதிவாகி இருக்கும். கஷ்டப்பட்டுப் பரீட்சை எழுதி வாங்கிய வேலை ஒரு பிரிண்டில் போய்விடும். போன் கம்பெனியில் வேலை செய்யும் நண்பர் 'கால் லிஸ்ட்' எடுத்துத் தருவதும் இதே ரகம், ஆனால் இன்னும் ஆபத்து. 2018ல் மகாராஷ்டிராவின் தானே போலீசார் கால் லிஸ்ட்டைக் காசுக்கு வாங்கிய தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த தொலைத்தொடர்புச் சட்டம் 2023, பிரிவு 42 இதற்கு 3 வருடம் வரை சிறையும் 2 கோடி ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது.

எதிர் வீட்டுக்காரர்? தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது எந்த ஊரிலும் குற்றமில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் தெரிகிற மாதிரி கேமரா திருப்புவதும், வண்டிக்கு அடியில் ஜிபிஎஸ் ஒட்டுவதும் வேறு கதை.

இதைக் கேட்டதும் பலர் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "அதான் சுப்ரீம் கோர்ட்டே ரெக்கார்டிங் செல்லும்னு சொல்லிடுச்சே!" இங்கேதான் பெரிய குழப்பம்.

2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு தீர்ப்பு சொன்னது. பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கில் கணவர், மனைவியின் கால் விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்துத் தாக்கல் செய்திருந்தார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ஏற்கவில்லை. அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்குள்ளும் உண்டு, அதை மீறி எடுத்த ஆதாரம் செல்லாது என்றார்.

பிறகு 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு, வேறொரு வழக்கில் வேறு வழியில் போனது. மனைவியோடு தான் பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். கணவன் மனைவிக்கு இடையிலான வழக்கில் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது தீர்ப்பு.

நன்றாகக் கவனிக்க வேண்டும். அது கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிய பேச்சு. பதிவு செய்தவர் அந்தப் பேச்சில் ஒரு ஆள். மனைவியின் போனுக்குள் நண்பனை நுழைய விட்ட வழக்கு அல்ல. இன்னொன்று, 'ஆதாரம் செல்லும்' என்பதும் 'எடுத்த விதம் குற்றமில்லை' என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். குடும்ப நீதிமன்றம் ஒரு ஃபைலைப் படித்துப் பார்த்தது என்பதற்காக, அந்த ஃபைல் எப்படி வந்தது என்று கேட்கும் போலீஸ் புகார் ஓய்ந்துவிடாது.

அந்தப் புகாருக்குத் தேவையான காகிதத்தையும் நண்பனே எழுதித் தர வேண்டி வரலாம். மின்னணு ஆதாரத்தோடு, பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63ன்படி ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். எந்தக் கருவியிலிருந்து வந்தது, யார் பொறுப்பில் இருந்தது என்பதெல்லாம் அதில் வரும். கருவி நண்பனுடையது என்றால் கையெழுத்தும் நண்பனுடையது. கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவனும் அவனே. ஜாமீன் பத்திரத்தில் போடாத கையெழுத்தை இங்கே போடுகிறான்.

சரி, இத்தனை ஆபத்துக்கும் குழந்தைக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா? பெரும்பாலும் இல்லை என்பதுதான் சோகம். கஸ்டடி வழக்கில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது குழந்தையின் நலன். 1890ஆம் வருட காப்பாளர் சட்டமும், 1956ஆம் வருட இந்து இளவர் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 13ம் சொல்வது அதைத்தான். யார் சாப்பாடு போடுகிறார், யார் பள்ளிக்கு அனுப்புகிறார், காய்ச்சல் வந்தால் யார் விழித்திருக்கிறார் என்பதே கேள்வி. அம்மா ராத்திரி யாரோடு வாட்ஸப்பில் பேசினார் என்பது அதற்குப் பதில் ஆகாது. தகாத உறவு விவாகரத்துக்குக் காரணமாகலாம், குழந்தையைப் பிரிப்பதற்குக் காரணம் ஆகாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2024ல் சொல்லியிருக்கிறது. போதாததற்கு, திருட்டுத்தனமாக உளவு பார்த்தது வெளியே வந்தால் "இவரிடமா குழந்தையைக் கொடுப்பது?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்கு இவரிடம் பதில் இருக்காது.

இதையெல்லாம் விடக் கொடுமை, குழந்தை கையிலேயே ஒட்டுக்கேட்கும் வாட்சைக் கட்டி அனுப்புவது. அப்பா கொடுத்த பரிசு என்று ஆசையாகக் கட்டிக்கொண்டு போகும் குழந்தை, தன் அம்மாவைக் காட்டிக் கொடுக்கும் ஒற்றன் ஆகிறது. ஒருநாள் அதற்கு விவரம் தெரியும். அன்றைக்கு அது அப்பாவைப் பற்றி என்ன நினைக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

அதற்காகத் தவிக்கும் நண்பனை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த அப்பாவின் வலி பொய்யில்லை. குழந்தைக்கு உண்மையிலேயே ஆபத்து என்றால் 1098க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். கால் விவரமோ வங்கிக் கணக்கோ வழக்குக்கு அவசியம் என்றால், அதை வரவழைக்கும்படி வக்கீல் மூலம் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். வழக்கு முடியும் வரை குழந்தையைப் பார்க்க இடைக்கால உத்தரவு கேட்கலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. நண்பன் கண்ணால் நேராகப் பார்த்தது ஏதாவது இருந்தால், "இவர் தினமும் குழந்தையைப் பள்ளிக்குக் கூட்டிப் போவார்" என்பது மாதிரி, கூண்டில் ஏறித் தைரியமாகச் சொல்லலாம். அந்தச் சாட்சிக்கு எந்த ஆப்பும் வேண்டாம்.

வாய்தா அன்று அவரோடு கோர்ட்டுக்குப் போய், வெளியே வந்ததும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவர் புலம்புவதைக் கேட்பதும் உதவிதான். போனைக் கேட்டால் மட்டும் "முடியாது மச்சான்" என்று சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அவருக்குக் கோபம் வரும். பரவாயில்லை. ஜாமீன் போட மறுத்த நண்பன் மேலும் கோபம் வரத்தான் செய்கிறது, கொஞ்ச நாளில் ஆறியும் விடுகிறது.