அது முளைதான் அம்மா!



போன மாதம் டெல்லியிலிருந்து விமானத்தில் திரும்பினேன். ஜன்னலோரம் என்று பார்த்துக் கேட்டும், கிடைத்தது இறக்கைக்கு நேர் மேலே. பக்கத்தில் மணப்பாறைப் பக்கத்து அம்மா ஒருவர். எழுபது வயதிருக்கும். மகள் வீட்டில் பேரனைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர். ஜன்னலை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, திருத்த வேண்டிய புரூஃப் தாள்களைப் பிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் முழங்கையால் இடித்தார். “தம்பி, ரெக்கை மேல மஞ்சளா என்னமோ நட்டு வச்சிருக்கானே, மாடு கட்டுற முளையாட்டம். அது எதுக்கு?”

எட்டிப் பார்த்தேன். வழவழப்பான தகட்டின் மேல் சின்னதாக ஒரு மேடு, அதில் ஒரு துளை. எத்தனையோ முறை பறந்திருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. “ஏதாவது மெஷின் சமாச்சாரமா இருக்கும்மா” என்றேன், பத்திரிகைக்காரனுக்கே உரிய தைரியத்தோடு.

அவர் விடவில்லை. இறக்கையின் பின்விளிம்பில் ஈர்க்குச்சி செருகினதுபோல் நீட்டிக்கொண்டிருப்பது என்ன? ஜன்னல் கண்ணாடியின் அடியில் எதற்கு ஒரு குண்டூசித் துளை? சென்னையில் இறங்கும்போது எஞ்சினிலிருந்து ஊதுவத்திப் புகைபோல வெள்ளையாக ஒரு இழை கிளம்பி இறக்கை மேல் ஓட, “புகையுது தம்பி!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் வயிற்றைக் கலக்கியது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, விமானப் பராமரிப்பில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்ற நண்பருக்குப் போன் போட்டேன். புகையைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். எஞ்சின் உறையின் பக்கவாட்டில் சுறாமீன் துடுப்புபோல ஒரு தகடு இருக்குமாம். வேகம் குறைத்து மூக்கைத் தூக்கி இறங்கும்போது, பருத்த எஞ்சின் காற்றை மறித்து, பின்னால் இருக்கும் இறக்கையில் காற்றோட்டத்தைக் கலைத்துவிடும். அந்தத் துடுப்பு காற்றைச் சுழற்றி, கயிறாக முறுக்கி இறக்கை மேல் அனுப்புகிறது. அந்தச் சுழல்தான் காற்றோட்டம் இறக்கையை விட்டு விலகாமல் பிடித்துவைக்கிறது. கடலோர ஈரக்காற்றில் சுழலின் நடுவே நீராவி குளிர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஆக, நாங்கள் பயந்தது எங்களைத் தாங்கிப் பிடித்த காற்றைப் பார்த்து.

ஈர்க்குச்சிகள் மின்சாரத்தை வடிக்க. மழை, தூசி, பனித்துகள் உரசி விமானத்தின் உடம்பில் மின்னேற்றம் சேரும். அதைச் சத்தமில்லாமல் காற்றில் கழித்துவிடாவிட்டால் விமானியின் ரேடியோவில் கரகரப்புதான் கேட்கும். ஜன்னலில் இருப்பது மூன்று அடுக்கு. நடு அடுக்கில் இருக்கும் துளையால், அழுத்தம் முழுவதையும் வெளி அடுக்கு சுமக்கிறது. அது உடைந்தால் தாங்கிக்கொள்ள நடு அடுக்கு காத்திருக்கிறது.

“அந்த மஞ்சள் சமாச்சாரம்?” என்றேன்.

“கயிறு கட்டத்தான்” என்றார்.

ஏர்பஸ் ஏ320 போன்ற விமானங்கள் தண்ணீரில் இறங்க நேர்ந்தால், இறக்கை மேல் இருக்கும் அவசரக் கதவு வழியாகப் பயணிகள் வெளியே வருவார்கள். நனைந்த இறக்கை வழுக்கும். கதவருகே சுருட்டி வைத்திருக்கும் கயிற்றின் ஒரு முனை கதவுச் சட்டத்தில், மறுமுனை அந்த மஞ்சள் முளையில். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் வாத்துக்கூட்டம் மோதி இரண்டு எஞ்சின்களும் போய், ஹட்சன் ஆற்றில் இறங்கியதே ஒரு ஏ320, அந்தப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். உறைய வைக்கும் குளிரில் மூழ்கிக்கொண்டிருந்த இறக்கைகள் மேல் மனிதர்கள் வரிசையாக நிற்பார்கள். 155 பேரும் பிழைத்தார்கள். ஆனால் அன்று அந்தக் கயிற்றை யாரும் எடுக்கவே இல்லை. சிலர் வழுக்கித் தண்ணீரில் விழுந்தார்கள். கயிறு கட்டியிருந்தால் அதைத் தவிர்த்திருக்கலாம் என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில் எழுதியது. அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முளையைத் தேடியதில்லை.

அந்த அம்மாவின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். மணப்பாறைப் பக்கத்து வாசகர்களே, டெல்லியில் மகள் இருக்கும் ஒரு பாட்டி உங்கள் தெருவில் இருந்தால், இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் படித்துக் காட்டுங்கள். மெஷின் சமாச்சாரம் என்று சொன்ன தம்பி தப்பாகச் சொல்லிவிட்டானாம், அது முளைதானாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்