முதலில் எடை, பிறகுதான் திருகு!

அண்ணன் சட்டையைத் தம்பி போட்டால் தோள் தொங்கும். தம்பி சட்டையை அண்ணன் போட்டால் பொத்தான் தெறிக்கும். சட்டைக்கே இந்தக் கதி என்றால், மேடுபள்ளத்தில் தாவிக் குதிக்கிற டர்ட் பைக்கின் முன் ஃபோர்க்குக்கு? 55 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் ஒரே ஸ்பிரிங்கில் ஓட்டினால், ஒருவருக்காவது அது பொருந்தாது.

ஆனால் நம்ம பசங்க என்ன செய்கிறார்கள்? ஃபோர்க் தலையில் இருக்கிற திருகை நாலு 'கிளிக்' இந்தப் பக்கம், ரெண்டு கிளிக் அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, "செட்டிங் பண்ணிட்டேன் மச்சி" என்கிறார்கள். அந்தத் திருகு எண்ணெய் ஓடும் வேகத்தைத்தான் மாற்றும். எடையைத் தாங்குவது ஸ்பிரிங்! 2023-ல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோ போன்ற வண்டிகளில் சரிசெய்யும் ஃபோர்க் நம் கைக்கே வந்துவிட்ட பிறகு, இந்த அறியாமை ஆபத்தானது.

எடை கூடிய ஆளுக்கு ஸ்பிரிங் மென்மையாக இருந்தால், பிரேக் பிடித்ததும் மூக்கு குத்தும். தாவி இறங்கும்போது ஃபோர்க் அடிமட்டம் தட்டி ஆளை ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியலாம். எடை குறைந்தவருக்குக் கடினமாக இருந்தாலோ, ஃபோர்க் அசையவே அசையாது. கை மரத்துப்போகும், வளைவில் முன் சக்கரம் வழுக்கும்.

வழி என்ன? முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சுக்கும் கீழ் கிளாம்ப்புக்கும் உள்ள தூரத்தை அளந்து கொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு, ஃபுட்ரெஸ்ட்டில் நின்று மறுபடி அளக்கவும். ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் டேப் பிடிக்கணும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் 'சாக்'. ஃபோர்க்கில் உராய்வு உண்டு. ஆகவே ஒருமுறை அமுக்கிவிட்டும், ஒருமுறை தூக்கிவிட்டும் அளந்து சராசரி எடுங்கள். 300 மி.மீ. ஓட்டமுள்ள மோட்டோகிராஸ் ஃபோர்க்கில் சுமார் 60 முதல் 75 மி.மீ. வரை வருவது வழக்கம். சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

"ஸ்பேசர் போட்டு இறுக்கினா போதாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு காலில் 0.46 கி.கி./மி.மீ. ஸ்பிரிங் என்றால் இரண்டு கால்களும் சேர்ந்து 0.92. 5 மி.மீ. ஸ்பேசர் தொடக்கத்தில் 4.6 கிலோ தாங்கும் சக்தியைக் கூட்டும். அதன் பிறகு ஒவ்வொரு மி.மீ.க்கும் அதே 0.92 தான்! ஸ்பிரிங்கின் குணம் மாறவில்லை. இறுக்கி இறுக்கி சாக் சரியாக வந்தும், ஆள் இறங்கியதும் வண்டி தன் எடைக்குக் கொஞ்சம்கூடத் தணியவில்லையென்றால், ஸ்பிரிங்கே மாற வேண்டும் என்று அர்த்தம். சுற்றை வெட்டுவதும் தீர்வாகாது. கடினம் கூடும், ஆனால் நீளமும் முனையின் சமதளமும் போய்விடும்.

இதெல்லாம் நமக்குத் தெரியாததா? k = Gd⁴/8D³n என்று வகுப்பில் ஒப்பிக்கிறோமே! கம்பியின் விட்டம் 4.5-லிருந்து 4.7 மி.மீ. ஆனாலே ஸ்பிரிங் 19 சதவீதம் கடினமாகிறது. நமது பொருள் வலிமை ஆய்வகத்தில் ஸ்பிரிங் சோதிக்கும் கருவி தேர்வு நாளுக்காக மட்டும் தூசு தட்டப்படுகிறது. கழற்றிய ஸ்பிரிங்கை அதில் வைத்து, அதன் உண்மையான கடினத்தைக் கண்டுபிடிக்கலாமே!

ஆகவே மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்டிக்கருக்கும், சத்தம் போடும் சைலன்சருக்கும் செலவழிக்கும் முன், ஒரு எடை மேடையும் ஒரு பதிவேடும் வாங்குங்கள். ஓட்டுபவர் எடை, ஸ்பிரிங் அளவு, சாக் மூன்றையும் எழுதிய பிறகே திருகில் கை வைக்கட்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியவர்கள். எடை தெரியாமல் திருகைத் தொடாதே என்பது நமது பாடமாகட்டும்!

— மூன்றாமாண்டு மாணவர், இயந்திரவியல் துறை